அம்பயர் நாற்காலிக்குப் பின்னால்

அபிராமத்தில் உரக்கடை வைத்திருக்கும் நாகநாதன் தன் வாழ்நாளில் ஒரு டென்னிஸ் பந்தைக்கூட அடித்தவரில்லை. ஆனால் டென்னிஸ் ஆட்டம் பார்த்தவர் என்று எடுத்துக்கொண்டால், அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மகன் காளிதாஸைச் சின்ன வயதில் மதுரையில் ஒரு பயிற்சியாளரிடம் சேர்த்துவிட்டதிலிருந்து, சனி ஞாயிறு என்றால் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு மகனோடு பஸ் ஏறிவிடுவார். திண்டுக்கல், திருச்சி, கோயம்புத்தூர் என்று மகன் ஆடாத ஊரில்லை. அவர் உட்காராத கல்பெஞ்சும் இல்லை.

மகள் மாரிச்செல்விக்கும் டென்னிஸ் வந்தது அந்தப் பயணங்களில்தான். அண்ணன் உள்ளே ஆடும்போது வெளிச்சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தவளை அந்தப் பயிற்சியாளரே கூப்பிட்டு ஆடவிட்டார். பதின்மூன்று வயதில் வெளிமாநிலத்தில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. போனவள் போனவள்தான். லீவுக்கு வருவாள், போவாள். அவள் ஆடியதெல்லாம் ரயிலில் இரண்டு ராத்திரி போக வேண்டிய ஊர்களில். மகன் ஆடியது பஸ் தூரத்தில். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அது அப்படி அமைந்துவிட்டது. மகளின் ஆட்டம் நாகநாதனுக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரே ஒரு சொல்தான். "ஜெயிச்சுட்டேன்" என்று வரும், இல்லை "போச்சு" என்று வரும். எது வந்தாலும் அவர் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவார்.

இப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. உலகத் தரவரிசையில் எங்கோ ஒரு மூலையில் அவள் பெயரும் உண்டு. காளிதாஸின் பெயரும் அப்படி ஒரு மூலையில் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் உச்சிப்புளிப் பக்கத்தில் போட்டி வந்தது. கீழக்கரைக்காரர் வாவு முகம்மது, துபாயில் சம்பாதித்தவர், ராமேஸ்வரம் ரோட்டை ஒட்டித் தென்னந்தோப்புக்குள் ஆறு களிமண் ஆடுகளங்கள் போட்டிருந்தார். செங்கல்லைப் பொடித்துப் பரப்பிய சிவப்புத் தரை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே வாரத்தில் சர்வதேசப் போட்டி. பெரிய போட்டி என்று சொல்ல முடியாது. உலகப் புள்ளி கிடைக்கும் போட்டிகளில் ஆகக் கீழ்ப் படி. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு நாட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ராமநாதபுரம் லாட்ஜுகளில் இட்லிக்கு ஜாம் கேட்டார்கள்.

நாகநாதன் ஒரு வாரத்துக்குக் கடைப்பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். அவரும் காளிதாஸும் ராமநாதபுரத்தில் அறை எடுத்தார்கள். மாரிச்செல்வி தன் இரட்டையர் ஜோடியான மின்ஹாவின் வீட்டில், கீழக்கரையில், தங்கிக்கொண்டாள். ஊரில் அவர்கள் புஞ்சைக் காட்டில் மிளகாய்ப்பழம் எடுப்பு நடந்துகொண்டிருந்ததால் அம்மா உமையாளால் வர முடியவில்லை.

முதல் சுற்றில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் போட்டுவிட்டார்கள். அவன் ஒன்றாம் களத்தில், அவள் ஐந்தாம் களத்தில். நாகநாதனின் கால்கள் அவரைக் கேட்காமலே ஒன்றாம் களத்துக்குப் போயின. அங்கே உட்கார்ந்த பிறகுதான், ஐந்தாம் களத்திலும் தன் பிள்ளை ஒன்று ஆடுகிறதே என்ற நினைப்பு வந்தது. எழுந்து போகவும் மனமில்லை. காளிதாஸ் அப்போது திணறிக்கொண்டிருந்தான். களிமண்ணில் பந்து மெதுவாக எழும்பும். வேகத்தை நம்பி ஆடுகிற அவனுக்கு அது ஒத்துவரவில்லை. தோற்றுப்போனான். வலையருகே எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு அவன் பையைத் தூக்கும்போது நாகநாதனின் போன் சிணுங்கியது.

"ஜெயிச்சுட்டேன்."

மறுநாள் இல்லாமல் அதற்கடுத்த நாள் மாரிச்செல்விக்கு இரண்டாம் சுற்று. பார்க்க இனி மகன் ஆட்டம் இல்லை. நாகநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பார்வையாளர் பெஞ்சில் முதல் வரிசையில், பின்கோட்டுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். உள்ளுக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. மகளுக்கு ஏதோ கொண்டுவந்திருப்பது போன்ற பெருமிதம்.

அவர் போனபோது அவள் முதல் செட்டை எடுத்திருந்தாள். இரண்டாவதில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னே இருந்தாள். எதிரே புனேக்காரப் பெண். நாகநாதன் அசந்துபோனார். இடது கையால் ஆடுவாள் என்று தெரியும். ஆனால் அந்தச் சிவப்பு மண்ணில் ஒரு காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுப்பாள் என்பது தெரியாது. ஓங்கி அடிக்கப்போவது போலப் போய், கடைசிக் கணத்தில் மட்டையைத் தளர்த்தி, பந்தை வலைக்கு அந்தப்பக்கம் ஒரு பூவைப் போடுவது போலப் போடுவாள் என்பதும் தெரியாது.

பிறகு அவள் அவரைப் பார்த்தாள்.

பார்த்தது ஒரு கணம்தான். அடுத்து அவள் போட்ட இரண்டு சர்வீஸும் வலையில் விழுந்தன. அந்த கேம் போனது. அதற்கடுத்ததும் போனது. அடிக்குமுன் ஒவ்வொரு தடவையும் அவள் கண் அவர் பக்கம் வந்து போனது. மூன்றுக்கு ஒன்று என்றிருந்தது மூன்றுக்கு நான்காகிவிட்டது. பக்கம் மாறும் இடைவேளையில், பின்வேலியில் தொங்கிய துண்டை எடுக்க வந்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் அருகில் நின்றாள்.

"அய்யா, கோவிச்சுக்கிறாதீக. இங்கன இருந்து எந்திரிச்சுப் போங்க. மேட்ச் முடியட்டும்."

மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்த யாருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் நாகநாதனுக்கு அந்தப் பெஞ்சு முழுக்கத் தன்னையே பார்ப்பது போலிருந்தது. போன் வந்தவர் மாதிரி அதைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரம். அதனடியில் நின்றார். களத்தைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டியிருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. மனசுக்குள் என்னவோ புளித்தது. மகனுக்காக எத்தனை வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு நாளாவது அவன் போகச் சொன்னானா என்று நினைத்தார். மேலே கடற்படை விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அந்த இரைச்சல் அடங்கியபின், உள்ளிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியது. பந்து மட்டையில் படும் சத்தம், களிமண்ணில் விழும் மந்தமான சத்தம், வாசல் கூட்டுவது போல ஒரு நீண்ட சறுக்கல். அம்பயர் புள்ளி சொல்லும் குரல். கொஞ்ச நேரத்தில் எந்தச் சறுக்கல் மகளுடையது என்பது பிடிபட்டுவிட்டது. அவளுடையது சற்று நீளம். கேட்கக் கேட்க அவருக்குப் புளிப்பு குறைந்தது. அவள் நான்குக்கு நான்கு ஆக்கினாள். ஐந்தாக்கினாள். முடித்தாள்.

கை தட்டல் ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் போன் சிணுங்கியது. கூப்பிடு தூரத்தில் நிற்கிற அப்பனுக்கு வாட்ஸ்அப்பில் "ஜெயிச்சுட்டேன்". நாகநாதன் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு கட்டைவிரலை அனுப்பினார்.

அன்று சாயங்காலம் லாட்ஜில் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை மின்ஹா மூலம் தெரிந்துகொண்டிருந்த காளிதாஸ்தான் பேச்சை எடுத்தான். தோற்றவன் என்றாலும் அவன் முகத்தில் இரண்டு நாளாக ஒரு தெளிவு இருந்தது.

"அவ மேல வருத்தமாய்யா?" என்று கேட்டான்.

வருத்தம் ஒன்றுமில்லை, ஆனால் பெற்றவன் பார்ப்பதில் என்ன குறைந்துபோகிறது என்று தெரியவில்லை என்றார் நாகநாதன். நான் பேசாமல்தானே உட்கார்ந்திருந்தேன் என்றார்.

காளிதாஸ் போனை எடுத்தான். போட்டி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு களத்திலும் ஒரு கேமராவைக் கட்டி ஆட்டங்களை இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தோற்ற ஆட்டத்தை எடுத்து ஓடவிட்டான். "என்னையப் பாக்காதீக. பின்னாடி ஓரமா வெள்ளச் சட்ட போட்டவரப் பாருங்க" என்றான்.

நாகநாதன் பார்த்தார். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பேசவில்லை, உண்மைதான். ஆனால் மகன் மட்டையை ஓங்கும்போதே அவர் தோள் ஏறியது. பந்து காற்றில் இருக்கும்போதே கண் மூடிக்கொண்டது. அது கீழே விழுவதற்குள் அவர் தலை தொங்கிவிட்டது. பந்து உள்ளே விழுந்த போதும் அப்படித்தான். ஒவ்வொரு பந்துக்கும் யாரோ தன்னை அடிக்க வருவது போல அந்த ஆள் குறுகிக்கொண்டிருந்தார்.

"இது நானாடா?" என்றார்.

"எப்பவும் இப்புடித்தான்யா. நான் சின்னதுல இருந்து பந்த அடிச்சிட்டு உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். உள்ளயா வெளியவான்னு அதுலதான் தெரிஞ்சுக்கிருவேன். எனக்குப் பழகிருச்சு. அவளுக்கு உங்க மூஞ்சி புதுசு."

பழகிவிட்டது என்று சொல்லும்போது அவன் சிரித்தான்தான். ஆனால் நாகநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமும் பந்து விழுகிற இடத்தைத் தான் பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது. மகனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். காளிதாஸ் அதைப் புரிந்துகொண்டவனாக எழுந்து சட்டையை மாட்டினான். லாட்ஜ் பக்கத்து ராவுத்தர் கடையில் பரோட்டா சாப்பிடும்போது, இந்தக் கோடையோடு போட்டி ஆடுவதை நிறுத்திவிட்டு மதுரையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருப்பதாகச் சொன்னான். நாகநாதன் தலையைத் தொங்கவிடாமல் கேட்டுக்கொண்டார். உனக்கு அது சரியென்று பட்டால் சரிதான் என்றார்.

காலிறுதிக்கு நாகநாதன் உள்ளே போகவில்லை. யாரும் சொல்லாமலே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். மாரிச்செல்வி ஜெயித்தாள். அரையிறுதி அன்று, அந்த மரத்தடிகூட ரொம்பப் பக்கமோ என்று ஒரு எண்ணம் வந்தது. காலையிலேயே பஸ் ஏறிப் பாம்பனுக்குப் போய்விட்டார். பாலத்துக்குக் கீழே விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலையைப் பிரித்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாடைக்காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. உமையாளுக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னார்.

எதிர்முனையில் மிளகாய்ப்பழத்தைத் தார்ப்பாயில் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு உமையாள், நீங்கள் எதிரே உட்கார்ந்தால் எனக்கே குழம்பு வெஞ்சனத்துக்கு உப்புப் போடக் கை ஓடாது, கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான், பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டது, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றாள். நாகநாதன், இதையெல்லாம் இப்போதுதான் சொல்வாயா என்று கேட்டார். "இப்பத்தான கேட்டீக" என்றாள் அவள்.

மதியம் போன் சிணுங்கியது. இந்தத் தடவை செய்தியில்லை, மாரிச்செல்வியே கூப்பிட்டாள்.

"ஜெயிச்சுட்டேன்யா. எங்கன இருக்கீக?"

"பாம்பன்ல, தாயி."

"அங்கன எதுக்குப் போனீக?"

சும்மா நண்டு வாங்கலாமென்று வந்ததாகச் சொன்னார். அவள் நம்பவில்லை.

"துணி ஓரமா ஒரு இடத்துல கிழிஞ்சிருக்குய்யா. நான் சர்வீஸ் போடப் போகும்போது அது வழியா வேப்பமரத்தடி தெரியும். ரெண்டு மேட்ச்சும் அங்கன நின்னீக. இன்னைக்குப் பாத்தேன், ஆளக் காணோம். ஒரு மாதிரி ஆயிருச்சு."

நான் பக்கத்தில் இருக்க வேண்டுமா, தூரத்தில் இருக்க வேண்டுமா, நீயே சொல்லிவிடு என்றார் நாகநாதன். அவள் அதைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருந்தாள். இறுதி ஆட்டத்துக்கு உள்ளே வரலாம், ஆனால் முன்வரிசையில் வேண்டாம். வலைக்கு நேராக அம்பயர் உட்காரும் உயர நாற்காலி. அதன் இரண்டு பக்கமும் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு, அவற்றுக்கு மேலே குடை. அந்த நாற்காலிக்குப் பின்னால், அவள் பெஞ்சின் முதுகை ஒட்டி உட்கார வேண்டும். அவள் ஆடும்போது குடை அவரை மறைத்துவிடும். இடைவேளையில் அவள் வந்து உட்கார்ந்தால் அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். "பக்கத்துல இருப்பீக. ஆனா கண்ணுல பட மாட்டீக" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் என்று கூட்டம் கூடிவிட்டது. தலையில் முக்காடு போட்ட பெண்கள் பிள்ளைகளோடு தென்னை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வாவு முகம்மது எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுக்கச் சொல்லியிருந்தார். மின்ஹாவும் காளிதாஸும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். போகும்போது மின்ஹா நின்று, "அவ ஜெயிக்கணும்னு துஆ செஞ்சிருக்கேன் மாமா. நீங்க நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாகநாதன் மகள் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்.

எதிரே ஜார்ஜியா நாட்டுப் பெண். உயரம். அவள் அடித்த பந்து மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. முதல் செட்டை அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டாவதில் மாரிச்செல்வி காற்றைப் பிடித்துக்கொண்டாள். காற்றோடு ஆடும்போது பந்தைச் சுழற்றி உயரத் தூக்கி அடித்தாள். காற்றுக்கு எதிரே ஆடும்போது அந்தப் பூப்போடும் பந்தைப் போட்டாள். அந்தப் பெண் நெடுங்கால்களை மடக்கி ஓடிவருவதற்குள் பந்து இரண்டாம் தடவை விழுந்துவிடும். கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. இரண்டாவது செட் மகளுக்கு.

நாகநாதன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் கண் மூடப் பார்த்தது. மூடாமல் வைத்திருப்பது சுலபமான காரியமில்லை என்பதை அன்றுதான் அறிந்தார். ஆனால் வைத்திருந்தபோது, பந்து என்பது முதலிலிருந்து கடைசிவரை ஒரு நல்ல பயணம் என்று தெரிந்தது. அது எழுந்தது, வளைந்தது, மண்ணில் ஒரு சின்ன நீள்வட்டத் தடத்தைப் பதித்துவிட்டுப் போனது.

இடைவேளைகளில் மகள் வந்து அவருக்கு முன்னால் கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். பிடரியில் வியர்வையோடு செம்மண் ஒட்டியிருந்தது. வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது அவருக்குக் கேட்டது. "பதறாத. பதறாம ஆடு." அது யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் யோசித்தார். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். தனியாக ரயிலேறிப் போன ஊர்களில் அவளே கற்றுக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது செட் நான்குக்கு ஐந்து. அந்த ஜார்ஜியாப் பெண் அடித்த பந்து ஒன்று அம்பயர் பக்கத்துப் பக்கக்கோட்டை ஒட்டி விழுந்தது. வெளியே என்று மாரிச்செல்வி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தடத்தைக் காட்டினாள். அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். தடத்தின் ஓரம் கோட்டைத் தொட்டிருந்தது. பந்து உள்ளே என்று உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். கூட்டம் முனகியது, யாரோ ஒருவர் அது எப்படி என்று சத்தம் போட்டார். மாரிச்செல்வி தானும் குனிந்து பார்த்தாள். ஆமாம் என்று தலையசைத்துவிட்டுக் காலால் தடத்தைத் தேய்த்து அழித்தாள்.

நிமிர்ந்தபோது குடைக்கு இந்தப்பக்கம் இருந்தாள். நாகநாதனுக்கு நேரே. அவள் கண் அவர் மேல் பட்டது.

ஓடி ஒளிய இடமில்லை. தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றும் செய்யாமல் அவளையே பார்த்தார். தலையைக் கவிழ்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளையை வாசலில் நின்று பார்ப்பது போலத்தான் பார்த்தார். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பிப் பின்கோட்டுக்கு நடந்துபோய் அடுத்த பந்துக்குக் குனிந்தாள். அந்த கேமை அவளே எடுத்தாள். ஐந்துக்கு ஐந்து.

ஆனால் கடைசியில் அந்த உயரப் பெண்தான் ஜெயித்தாள். ஏழுக்கு ஐந்து. கடைசிப் பந்தை மாரிச்செல்வி ஓடிப்போய்ச் சறுக்கி, விழுந்தும் விழாமலும் கோணத்தில் திருப்பி அடித்தாள். அது வலையைத் தாண்டி, எதிராளி கைக்கு எட்டாத தூரத்தில் போய், மூலையில், கோட்டுக்கு ஒரு விரல் வெளியே விழுந்தது. விழுந்த இடத்தை நாகநாதன் கண்ணால் பார்த்தார்.

பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்தபின், தோப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாரிச்செல்வி ஷூவிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். காளிதாஸ் அவள் பையில் மட்டைகளை அடுக்கினான். நாகநாதன் ஒரு சர்பத்தை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அவள் குடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டாள். இதுவரை அவரிடம் அவள் கேட்காத கேள்வி அது.

"பந்து நல்லாத்தான் போச்சு, தாயி" என்றார் நாகநாதன். "கோடுதான் கொஞ்சம் கிட்ட வந்துருச்சு."

அவள் சர்பத் புரையேறச் சிரித்தாள். காளிதாஸும் சிரித்தான். பிறகு அந்தக் கடைசிப் பந்தைப் பற்றி மூன்று பேரும் பேசினார்கள். அதை நேராக அடித்திருக்க வேண்டும் என்றான் காளிதாஸ். நேராக அடித்தால் அந்தப் பெண் நின்ற இடத்துக்கே போயிருக்கும், அவள் இடதுகாலில்தான் கனம் வைத்து நின்றாள் என்றார் நாகநாதன். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவளுக்கும் மின்ஹாவுக்கும் குவாலியரில் ஆட்டம். இங்கே கிடைத்த புள்ளிகளால் இனி வரும் போட்டிகளில் தகுதிச் சுற்று ஆடாமல் நேராகவே அவளைச் சேர்த்துக்கொள்வார்கள். மதுரையிலிருந்து ரயில். அய்யா வருகிறீர்களா என்று மாரிச்செல்வி கேட்டாள். கேட்டுவிட்டு, கட்டாயமில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மிளகாய் எடுப்பு முடிய இன்னும் நாளிருக்கிறது, இந்தத் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, அவள் ரயிலேறி ரொம்ப நாளாகிறது, காட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் நாகநாதன். உமையாளுக்கு உடனே போன் போட்டார்கள். அவள் முதலில் முடியாது என்றாள். பிறகு, குவாலியரில் குளிருமா என்று கேட்டாள்.